குழந்தையும் பேரோசையும்

ஓசூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இரண்டு மூன்று வயதுப் பிராயத்தில் வளரும் ஒரு குழந்தை ஓராண்டுக்குள் கேட்டுவிடும் பேரோசைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், நம் பாட்டன்மார் தம் ஆயுள் முழுவதும் கேட்டவை அதில் பாதிகூட இரா என்றே தோன்றுகிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே கால்கொண்ட பிறகு, அசோக் லேலண்டின் லாரிகளும் டிவிஎஸ்ஸின் மொபெட்டுகளும் டைட்டனின் கைக்கடிகாரங்களும் உருவாகும் பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் குடியிருப்புகளை ஒட்டி எழுந்தன. வாடகைக்கு விடப்படும் லைன் வீடுகளின் பின்சுவருக்கு அப்பால் பிரஸ் யந்திரம் தகட்டின்மீது விழுந்து எழுந்துகொண்டிருப்பது இப்பக்கங்களில் அபூர்வமன்று. சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் கல் குவாரிகளில் வெடி வைக்கிறார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் கனரக லாரிகளின் ஏர் ஹாரன் இரவிலும் ஓய்வதில்லை. இவற்றோடு, பொங்கலை ஒட்டி வரும் எருது விடும் விழாவின் ஆரவாரமும், ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாகச் சானமாவுக் காட்டுக்கு வந்து சேரும் யானைக் கூட்டங்களை விரட்ட நள்ளிரவில் வெடிக்கப்படும் பட்டாசும், தீபாவளிக்கு முன்பே கர்நாடக எல்லைக் கடைகளிலிருந்து வீட்டுக்கு வந்துவிடும் சரவெடியும் சேர்ந்துகொள்கின்றன.

இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கேட்டமாத்திரத்தில் உடல் விறைத்து, முகம் கோணி, காதைப் பொத்திக்கொண்டு தாயின் சேலைக்குள் புகுந்துவிடும் குழந்தையைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பழகினால் பயம் தெளிந்துவிடும் என்று சொல்லி, அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் வெடிக்கு இன்னும் அருகில் நிறுத்தும் வழக்கமும் உண்டு. இரண்டுமே, குழந்தையின் உடலில் அந்தக் கணத்தில் நிகழ்வது இன்னதென்று அறியாமையால் விளையும் பிழைகள். அது இன்னதென்று தெரிந்துகொண்டால், ஒன்றிரண்டு வண்ணங்களும் பத்துப் பதினைந்து பக்கங்களும் கொண்ட ஒரு சித்திரப் புத்தகம் இவ்விஷயத்தில் எவ்வளவு உதவும், எந்த எல்லைக்கு அப்பால் உதவாது என்பது விளங்கிவிடும்.

பிறந்து சில நாட்களே ஆன சிசுவின் பக்கத்தில் ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டால், அதன் இரு கைகளும் முதலில் அகல விரிந்து, பிறகு மார்பை நோக்கிக் குவிகின்றன. கூடவே அழுகையும் எழுகிறது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவரான எர்ன்ஸ்ட் மோரோ 1918-ல் விவரித்த இந்தச் செயல் அவருடைய பெயராலேயே மோரோ அனிச்சை என்று வழங்கி வருகிறது. அது சில மாதங்களில் மறைந்துபோகிறது. ஆனால், திடீர் ஓசைக்குக் கண்ணை இறுக மூடித் தோளை உயர்த்தி உடலைக் குறுக்கிக்கொள்ளும் திடுக்கம் ஆயுள் முழுவதும் நம்மை விட்டு நீங்குவதில்லை. கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹண்ட் என்னும் இரு அமெரிக்க உளவியலார், அதிவேகத் திரைப்படக் கருவிகளைக் கொண்டு இந்தத் திடுக்கத்தைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1939-ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். துப்பாக்கி சுடுவதில் நெடுநாள் பயிற்சி பெற்ற போலீசாரையும் அவர்கள் பரிசோதித்தார்கள். தம் கையிலிருந்த துப்பாக்கியைத் தாமே சுட்டபோதும் அவர்களுடைய கண் இமைப்பு ஒழியவில்லை. பல்லாண்டுப் பயிற்சி பெற்ற வீரனாலேயே அடக்க முடியாத ஒன்றை மூன்று வயதுப் பாலகன் அடக்கவில்லை என்று குறை கூறுவது எவ்வகையில் நியாயம்?

இதன் காரணம் நரம்புகளின் அமைப்பிலேயே இருக்கிறது. செவியிலிருந்து புறப்படும் செய்தி, மூளைத் தண்டில் பான்ஸ் என்னும் பகுதியிலுள்ள சில பெரிய நரம்பணுக்களை அடைந்ததும், அங்கிருந்து நேரே தசைகளுக்கு ஆணையாக இறங்கிவிடுகிறது. ஆலோசனைக்கும் தீர்மானத்துக்கும் உரிய பெருமூளைப் புறணியின் சம்மதத்துக்காக அது காத்திருப்பதில்லை. ஒரு வினாடியை இருபத்தைந்து கூறாக்கினால் அதில் ஒரு கூறு கழிவதற்குள் கண்ணிமை மூடத் தொடங்கிவிடுகிறது. ஆக, திடுக்கம் என்பது வேறு. அதைத் தொடர்ந்து வரும் அச்சம் என்பது வேறு. நெஞ்சு படபடப்பதும், அழுகை பொங்குவதும், மறுநாள் அந்த இடத்துக்குப் போக மறுப்பதும், அந்த ஓசை மீண்டும் வருமோ என்று மாலை முழுவதும் கலங்கிக்கொண்டிருப்பதும் பிந்திய வகையைச் சேர்ந்தவை. மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா என்னும் பகுதியும், நினைவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உரிய பிற பகுதிகளும் கூடி அவற்றை உண்டாக்குகின்றன. திடுக்கத்தை எவராலும் போதித்து அகற்ற முடியாது. அச்சத்தையோ, அதற்குப் பொருள் கொடுப்பதன் மூலம், கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியும்.

குழந்தையின் அச்சம் நம்முடையதைவிடப் பெரிதாக இருப்பதற்கு வேறு சில பிரத்தியேகக் காரணங்களும் உண்டு. அதன் செவிக்குழாய் குறுகியது. ஆகையால் உச்ச சுருதியில் உள்ள ஓசைகள் அதன் செவிப்பறையை நம் செவியில் விழுவதைக் காட்டிலும் வலுவாகத் தாக்குகின்றன. உலோகம் உலோகத்தோடு மோதும் கிறீச்சொலியும் பிரேக் ஒலியும் இந்த இனத்தவை. இன்னொரு காரணம் மிகவும் சுவாரசியமானது. பேரோசை வருவதற்குப் பத்தில் ஒரு வினாடிக்கு முன் ஒரு மெல்லோசை ஒலித்தால், பேரோசைக்கு எழும் திடுக்கம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. வரப்போவதை மெல்லோசையே அறிவித்து, மூளை தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி செய்கிறது. இந்தத் தற்காப்பு பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. பாலப் பருவத்தில் பலவீனமாக இருந்து, ஏறத்தாழ எட்டு வயதளவில்தான் பெரியவர்களின் நிலையை எட்டுகிறது. அங்கன்வாடிப் பிராயத்துக் குழந்தையிடம் நாம் எதிர்பார்க்கும் தைரியத்துக்கு வேண்டிய உடற்சாதனமே இன்னும் அதனிடம் முழுதும் உருவாகவில்லை என்று இதனால் அறிகிறோம்.

பேரோசையைக் கொண்டு அச்சத்தை விளைவிக்க முடியும் என்பதை 1920-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற உளவியலாரும் அவருடைய உதவியாளர் ரோசலி ரேனரும் காட்டிய விதத்தை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடக் கை நீட்டும்போதெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் ஓர் எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குப் பிறகு, ஓசை இல்லாமலே, எலியைக் கண்டமாத்திரத்தில் குழந்தை அழுதது. முயலும் ரோமக் கோட்டும்கூட அதற்கு அச்சம் தருபவை ஆயின. அந்த அச்சம் நீக்கப்படாமலே குழந்தை தான் இருந்த மருத்துவமனையை விட்டுச் சென்றது. நல்ல வேளையாக, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் எதிர்த்திசையில் நடந்து காட்டினார். முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்டுகொண்டிருக்கையில், முயலைக் கூண்டோடு வெகு தூரத்தில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டுமே நாளுக்கு நாள் அருகில் கொண்டுவந்தார். அஞ்சாத மற்றக் குழந்தைகள் முயலோடு விளையாடுவதையும் அவன் காணச் செய்தார். முடிவில் முயல் அவன் விரல்களைக் கொறிக்க அவன் அனுமதித்தான். வலுக்கட்டாயமாக அருகே இழுப்பதற்கும், குழந்தையின் மனம் இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் அருகே வரவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சோதனையிலேயே அடங்கிவிட்டது.

சித்திரப் புத்தகம் செய்வதும் இதே காரியந்தான். கிணற்றில் நீந்தப் பழகும் பிள்ளைக்கு இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்குவது நம் கிராமங்களின் வழக்கம். தண்ணீர் மெய்யான தண்ணீர்தான், ஆழமும் மெய்யான ஆழந்தான், ஆனால் மூழ்க மாட்டோம் என்ற உறுதி பிள்ளைக்கு இருக்கிறது. புத்தகத்தில் வரும் வெடியும் அத்தகையது. புகை தெரிகிறது, தூள் பறக்கிறது, பறவைகள் சிதறுகின்றன. ஓசை மட்டும் இல்லை. அந்த ஓசையை எவ்வளவு உரக்கச் சொல்வது என்பதை வாசிக்கும் தாயோ பாட்டியோ தீர்மானிக்கிறாள்; அடுத்த பக்கத்தை எப்போது புரட்டுவது, வெடிக்கும் பக்கத்தை இன்றைக்கு விட்டுவிடலாமா, மூடிவைத்துவிட்டு ஓடிவிடலாமா என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது. நிஜ உலகத்துப் பேரோசையிடம் குழந்தைக்கு இந்த அதிகாரங்களில் ஒன்றுகூட இல்லை.

தானே உண்டாக்கும் ஓசைக்கு எவரும் அவ்வளவாக அஞ்சுவதில்லை என்பது இதற்குத் துணை நிற்கும் உண்மை. எவர்சில்வர்த் தட்டைக் கரண்டியால் ஓயாமல் அடித்து வீட்டையே அதிரச் செய்யும் குழந்தை, அதே தட்டு வேறொருவர் கையிலிருந்து நழுவி விழும்போது அலறுகிறது. நாம் பேச வாய் திறக்குமுன்பே நடுச்செவியிலுள்ள நுண்ணிய தசை இறுகி உட்செவிக்குப் போகும் ஓசையைத் தணிக்கிறது; மூளையும், நான் செய்யப்போவது இது என்று முன்கூட்டி அறிந்து, அதற்குரிய எதிர்வினையைக் குறைத்துக்கொள்கிறது. புறத்தேயிருந்து வரும் வெடிக்கு அந்தத் தசை இறுகுவதற்குள் ஓசை உள்ளே போய்விடுகிறது. இதனால்தான், வெடிக்கும் பக்கம் வந்ததும் டமார் என்று சொல்லும் பொறுப்பைக் குழந்தையிடமே ஒப்படைப்பது நல்லது என்று நினைக்கிறேன். தடதட, படபட, கடகட, மடமட என்று எத்தனை விதமான ஓசைகளுக்கும் சொல் வைத்திருக்கும் தமிழில், குழந்தை மெல்லச் சொல்லவும் கத்திச் சொல்லவும் ஏற்ற சப்தங்களுக்குப் பஞ்சமே இல்லை.

உலகில் குழந்தைகளுக்கென்றே அச்சான முதற் சித்திரப் புத்தகம் என்று பெரும்பாலோர் கருதும் நூல், மொராவியாவில் பிறந்த கொமீனியஸ் என்னும் கல்வியாளர் 1658-ல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்டது. அதன் தொடக்கத்திலேயே ஓர் உயிருள்ள நெடுங்கணக்கு இருக்கிறது: காகம் கரைவதும், ஆட்டுக்குட்டி கத்துவதும், காற்று வீசுவதும், ஓநாய் ஊளையிடுவதும் ஒவ்வொன்றாகப் படமும் ஒலியுமாக வருகின்றன. எழுத்தைக் கற்பிக்க எழுந்த அந்த நூல், படம் பார்த்துச் சப்தம் எழுப்புவதில் குழந்தைக்குள்ள இயல்பான ஆனந்தத்தை முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது.

படத்துக்கும் திடுக்கத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நம் காலத்து ஆராய்ச்சி இன்னும் நுட்பமாக அளந்திருக்கிறது. பீட்டர் லாங் என்ற உளவியலாரும் அவருடைய சகாக்களும், பெரியவர்களுக்கு விதவிதமான படங்களைக் காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராமல் ஓர் ஒலி வெடிப்பைச் செவியில் கேட்கச் செய்து, கண் இமைப்பின் வன்மையை அளந்தார்கள்; அதிலிருந்து பெற்ற கொள்கையை 1990-ல் விரிவாக எழுதினார்கள். மனத்துக்கு இனிய படத்தைக் காணும்போது இமைப்பு சிறியதாகவும், வெறுப்போ பயமோ தரும் படத்தைக் காணும்போது பெரியதாகவும் இருந்தது. போதனைக்கு அடங்காத அந்த மூளைத்தண்டின் வேலையையும், அந்த நேரத்தில் மனம் எந்த ரசத்தில் தோய்ந்திருக்கிறது என்பது கூட்டியும் குறைத்தும்விடுகிறது என்பது இதன் தாற்பரியம். குழந்தைகளிடம் இதே அளவுகள் இவ்வளவு ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், பேரோசையைக் கருநிறப் பூதமாகவும் கூரிய பற்களுள்ள யந்திரமாகவும் வரைந்து, கடைசிப் பக்கத்தில் மட்டும் பயப்படாதே என்று உபதேசிக்கும் புத்தகங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு காரணம்.

இருளின் காரியமும் இதனோடு சேர்ந்தது. இருட்டில் மனிதருடைய திடுக்கம் அதிகரிக்கிறது என்று 1997-ல் கிறிஸ்தியன் கிரியோன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும் காட்டினார்கள். அதே காலத்தில் எலிகளிடம் நடத்திய பரிசோதனையிலோ வெளிச்சத்தில்தான் திடுக்கம் அதிகரித்தது. இரவில் இரை தேடும் எலிக்கு வெளிச்சமும், பகலில் நடமாடும் மனிதனுக்கு இருளும் ஆபத்தின் அடையாளங்களாக உள்ளன போலும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வயல்களில் யானைக்காக நள்ளிரவில் வெடிக்கும் பட்டாசு, தீபாவளிப் பட்டாசைவிடக் குழந்தையை ஏன் அதிகமாகக் கலக்குகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம். மேலும், தீபாவளி வரும் நாள் குழந்தைக்கு முன்பே தெரியும். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் அன்று காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மட்டுமே வெடிக்கலாம் என்று அரசாங்கம் நேரம் வகுத்திருக்கிறது. அந்த விதி உண்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டால் அது குழந்தைகளுக்குச் செய்த பேருபகாரம். ஓசையின் அளவைக் குறைக்காவிட்டாலும், எப்போது வரும் என்று தெரியாத கலக்கத்தை அது குறைத்துவிடுகிறதல்லவா?

வரப்போவதை அறிதல், கையில் ஒரு காரியம் இருத்தல், பக்கத்தில் ஒருவர் இருத்தல் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் இடி இடிக்கும்போது ஒருங்கே கையாண்டார்கள். மின்னல் வெட்டியதும் அர்ச்சுனனுடைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி பாட்டிமார் குழந்தைகளுக்குக் கற்பித்தார்கள். இடி அதனால் நின்றுவிடுவதில்லை. ஆனால் பத்துப் பெயர்களை வரிசை தப்பாமல் நினைவுகூரும் குழந்தையின் மனத்தில் பயத்துக்கு விடப்படும் இடம் சுருங்கிவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீஷியா பொலாக்கோ 1990-ல் எழுதிச் சித்திரமும் தீட்டிய 'தண்டர் கேக்' என்னும் புத்தகத்தில், மிச்சிகன் பண்ணை வீடொன்றில், இடிக்கு அஞ்சிக் கட்டிலின் அடியில் ஒளியும் சிறுமிக்கு ருஷ்ய நாட்டுப் பாட்டி ஒருத்தி கற்பிப்பதும் ஏறக்குறைய இதுவே. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எண்ண வேண்டும். அந்த எண் சிறுத்துக்கொண்டே வரும்போது புயல் நெருங்குகிறது என்று பொருள். அது வந்து சேருவதற்குள் முட்டையும் பாலும் தேடிக் கொணர்ந்து கேக்கை அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும் என்ற பௌதிக உண்மை அந்தக் கதைக்குள் உபதேசமின்றிக் கலந்திருக்கிறது. கிருஷ்ணகிரியில் மாங்காய் முற்றும் சித்திரை வைகாசி மாதங்களில் கோடை இடி வரும் மாலைகளில் நம் குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். ஐந்து வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கும் இது எட்டும்.

கதையில் வரும் பிள்ளை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் ஆராய்ச்சிக்கு உட்பட்ட விஷயமே. நாய்க்கு அஞ்சும் சிறு குழந்தைகளை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாரும் துணைவர்களும் 1967-ல் எட்டுச் சிறு அமர்வுகளில் உட்காரவைத்து, அஞ்சாத நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் படிப்படியாக ஒரு நாயிடம் நெருங்கிப் பழகுவதைக் காணச் செய்தார்கள். பார்த்த குழந்தைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாக நாயை அணுகினார்கள். நேரில் அன்றித் திரைப்படத்தில் பார்த்தாலும் பலன் உண்டு என்று அடுத்த ஆண்டு வெளியான ஆராய்ச்சி கூறியது. டொனால்ட் மைக்கன்பாம் என்ற உளவியலார் 1971-ல் இன்னொரு படி சென்று, தொடக்கத்திலிருந்தே அஞ்சாத வீரனைக் காண்பதைவிட, முதலில் அஞ்சிப் பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டு முன்னேறுபவனைக் காண்பது அஞ்சுபவருக்கு அதிகப் பயன் தருகிறது என்று கண்டார். அவர் ஆராய்ந்தது பாம்புக்கு அஞ்சும் பெரியவர்களை. கதைப் புத்தகத்தையே கருவியாகக் கொண்ட பரிசோதனைகளும் உண்டு. 2015-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இருளுக்குக் கடுமையாக அஞ்சிய ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரே ஒரு கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டி அதிலுள்ள விளையாட்டுகளை ஆடச் செய்தபோது, பெரும்பாலோரிடம் அச்சம் தெளிவாகக் குறைந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை சொற்பம், அச்சமும் வேறு. ஆயினும் மருத்துவர் இல்லாமல், தாயும் தந்தையும் ஒரு புத்தகமும் மட்டும் இருந்த அறையில் இது நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஓசூர்க் குழந்தைக்கு வேண்டிய புத்தகம் எப்படியிருக்கும் என்பது ஒருவாறு மனக்கண்முன் எழுகிறது. குவாரியில் வெடி வைப்பதற்கு முன் செங்கொடி காட்டுகிறார்கள், சங்கு ஊதுகிறார்கள், எல்லாரும் விலகிப் போகிறார்கள், கொஞ்ச நேரம் ஒன்றும் நிகழ்வதில்லை, அப்புறம் வெடிக்கிறது, தூசி எழுகிறது, தூசி அடங்குகிறது. இந்த வரிசையே ஒரு புத்தகம். அதை நாலைந்து தடவை வாசித்த குழந்தைக்கு மெய்யான சங்கொலி ஒரு முன்னறிவிப்பாக மாறிவிடும். சங்கு ஊதியதும் காதைப் பொத்திக்கொள்ளவும், பொத்திக்கொண்டு காத்திருக்கவும் அது கற்றுக்கொள்ளும். பிரஸ் யந்திரத்தைப் பற்றிய புத்தகத்தில் யந்திரத்தின் முன் நிற்பவர் யார்? பக்கத்து லைன் வீட்டு மாமாவாகவோ, இரவு ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவாகவோ இருக்க வேண்டும். அவர் காதில் செருகியிருக்கும் இயர் பிளக்கும் படத்தில் தெரிய வேண்டும். அந்த ஓசையிலிருந்து வெளிவரும் தகட்டுத் துண்டு கடைசியில் எந்த வண்டியில் போய்ப் பொருந்துகிறது என்பதையும் குழந்தை காண வேண்டும். ஓசைக்குக் காரணமும் மனிதமுகமும் கிடைத்துவிட்டால், அது இருளிலிருந்து வந்த ஓசையாக இராது.

நான் மிகவும் விரும்புவது யானைப் புத்தகத்தை. சானமாவுக் காட்டோரத்தில் பட்டாசு வெடிக்கும்போது வீட்டுக்குள் ஒரு குழந்தை தாயை ஒட்டிக்கொள்கிறது. வயலின் மறுபக்கத்தில் ஒரு குட்டியானையும் அதே நொடியில் அதன் தாயின் கால்களுக்கிடையே புகுந்துகொள்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக வரையலாம். யானையை விரட்டப் பேரோசையைப் பயன்படுத்துவதே, யானையும் அதற்கு அஞ்சுகிறது என்பதனால்தானே? அத்தனை பெரிய பிராணிக்கும் உள்ள அச்சம் தனக்கும் இருப்பதில் வெட்கம் இல்லை என்று குழந்தைக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எந்தப் பாஷையில் வாசிப்பது என்ற வினா இந்த எல்லைப் பிரதேசத்துக்கே உரியது. ஒரே அங்கன்வாடியில் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தையும் கன்னடம் பேசும் குழந்தையும் தமிழ் பேசும் குழந்தையும் சேர்ந்திருப்பது இங்கே சகஜம். ஆலை வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளும் இப்போது வருகிறார்கள். அச்சத்தில் ஆறுதல் தருவது தாயின் பாஷையே. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நல்வாய்ப்பாக, பெங்களூரில் 2004-ல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் ஏற்படுத்திய ஸ்டோரிவீவர் என்னும் இணையக் களஞ்சியத்திலுள்ள படக்கதைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம், தம் பாஷையில் பெயர்க்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். சென்னையில் துலிகா பதிப்பகம் பல்லாண்டுகளாகப் பல இந்திய மொழிகளில் சித்திரப் புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்ற படிகளில் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. மத்திகிரியிலோ பாகலூரிலோ சித்திரம் தீட்டத் தெரிந்த ஓர் ஆசிரியரும் மூன்று பாஷை அறிந்த ஓர் அங்கன்வாடி டீச்சரும் சேர்ந்தால், அவ்வூரின் ஓசைகளைப் பற்றி அவ்வூருக்கே உரிய ஒரு புத்தகம் செய்துவிட முடியும்.

வாசிக்கும் வேளையைப் பற்றி ஒரு வார்த்தை. வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை விரிப்பதால் பலனில்லை; அப்போது வேண்டியது அணைத்துக்கொள்ளும் கைதான். அமைதியான பகற்பொழுதில், வெளிச்சத்தில், மடியில் இருத்தி வாசிக்க வேண்டும். அதே புத்தகத்தை மறுபடியும் மறுபடியும் கேட்டால் சலிப்பின்றி வாசிக்க வேண்டும். முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் குழந்தை தன் தைரியத்தைத் தானே அளந்து பார்த்துக்கொள்கிறது.

புத்தகத்தின் எல்லையையும் இங்கே கூற வேண்டும். ஓசைக்கு அஞ்சாதிருக்கப் பழக்குவது வேறு, தீங்கு செய்யும் ஓசையைச் சகித்துக்கொள்ளப் பழக்குவது வேறு. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். தொழிற்பகுதிக்குப் பகலில் விதித்த வரம்பு 75 டெசிபல். பத்து டெசிபல் ஏறும்போதெல்லாம் ஒலியின் செறிவு பத்து மடங்காகிறது என்ற கணக்கின்படி, இவ்விரண்டுக்கும் இடையே ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். அத்தகைய வெடி அருகில் வெடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தை முற்றிலும் சரியான காரியத்தையே செய்கிறது. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்ததையும், அதே ஆண்டு அக்டோபரில் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்ததையும், அவற்றில் மாண்டவர்களையும் இந்தப் பிரதேசம் மறந்திருக்காது. அச்சத்தை முற்றும் அழித்துவிடும் புத்தகம் நல்ல புத்தகமன்று. எதற்கு விலகுவது, எதற்குக் காத்திருப்பது, எதைக் கண்டு களிப்பது என்று பகுத்தறியச் செய்வதே வேண்டியது.

மிக்சி, விசில், மேசை நாற்காலி இழுபடும் சத்தம் போன்ற சாதாரண ஓசைகளுக்கே ஒரு குழந்தை நாள்தோறும் காதைப் பொத்திக்கொண்டு தவித்தாலும், பேச்சு தாமதப்பட்டாலும், அல்லது முன்பு அஞ்சாத குழந்தை திடீரென்று அஞ்சத் தொடங்கினாலும், அதைப் புத்தகத்திடம் விட்டுவிடலாகாது. நடுச்செவியில் சீழ், ஒலியை மிகையாக உணரும் நிலை, ஆட்டிசம் போன்ற காரணங்கள் இருக்கக்கூடும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முதலில் காட்டலாம்; பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனமும், மைசூரில் பேச்சுக்கும் செவிக்குமான அகில இந்திய நிறுவனமும் இங்கிருந்து எட்ட முடியாத தொலைவில் இல்லை.

மற்றொரு பொறுப்பு குழந்தையின்மீதும் இல்லை, தாயின்மீதும் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. பட்டறைகளை ஒட்டிய வாடகைக் கட்டடங்களில் நடைபெறும் அங்கன்வாடிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்து, அங்கே ஒலியை அளந்து பார்த்து, யந்திரத்தின் அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர்த் தளமும் நடுவில் தடுப்புச் சுவரும் வைக்கும்படி செய்வது அதிகாரிகளாலும் ஆலை முதலாளிகளாலும் ஆகக்கூடிய காரியம். பிற்பகலில் குழந்தைகள் உறங்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் கனத்த பிரஸ்ஸை நிறுத்திவைக்க ஒரு பட்டறைக்காரர் இசைந்தாலும் போதும், அங்கிருந்து தொடங்கலாம்.